குப்பையில் போட்ட கூச்சல்

"இந்தக் குடிகாரனை இன்னிக்கு ஒழிச்சுக்கட்டாம விடமாட்டேன்" என்று ஒடில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

குடிகாரன் என்றால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய குடிகாரன். கோகந்து நகரத்தில் ஒரு கல்யாணத்தில் பாட்டு மேதை துர்சுன்பாய் உஸ்தாத் பாடியதை, எந்தப் புண்ணியவானோ சாப்பாட்டு விரிப்புக்கு அடியில் டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்துப் பிடித்திருந்தான். பாட்டைப் பதிவு செய்ய உஸ்தாத் யாரையும் விட்டதில்லை. டேப் பெட்டியைக் கண்டால் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடுவார். உலகத்தில் அவர் குரல் இருப்பது இந்த ஒரே நாடாவில்தான்.

ஆறு வருஷம் அலைந்து, தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து ஒடில் அதை வாங்கினான். பிசுபிசுத்துப்போன நாடாவை, சமோசாக் கடை ஹிக்மத் அண்ணனின் ஆப்ரிகாட் காயவைக்கும் பெட்டியில் எட்டு மணி நேரம் வாட்டி, உயிர் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினான். என்ன குரல் அது! கேட்டால் எதிரியையும் கூப்பிட்டுச் சோறு போடத் தோன்றும்.

இன்று மத்தியானம் உஸ்தாதே வருகிறார். எண்பத்தாறு வயசு. அவர் தலையசைத்தால் பாட்டு ஊருக்கெல்லாம் போகும். இல்லையென்றால் வாய்க்கால்தான்.

மூன்றாம் அடியில் குரல் உச்சிக்குப் போகும் நேரத்தில்தான் அந்தப் பாவி கத்துகிறான்: "அப்படித்தான்டா! விடாதே, ஏறு மேலே!"

"உஸ்தாதைப் போய் 'டா' போடுறான் பாருங்கண்ணே! அவன் நாக்கு அழுகிப்போக!"

சுடச்சுட சமோசாவோடு வந்திருந்த ஹிக்மத் காதைப் பொத்திக்கொண்டார். "அவரை அப்படியெல்லாம் திட்டாதே தம்பி. இருந்துட்டுப் போகட்டும். நானும் அன்னிக்கு அங்க இருந்தேன்..."

"இருந்திருப்பீங்க, டீக் கோப்பை கழுவிக்கிட்டு."

"அதுவும் செஞ்சேன்" என்று சிரித்தார் ஹிக்மத். "அன்னிக்கு உஸ்தாதுக்கு..."

"உஷ்! வேலை நடக்குது."

ஒடில் கூச்சலை வெட்டினான். கூடவே உச்சிக் குரலும் போயிற்று. பல்லு விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓட்டை.

இரண்டாம் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓட்டையை அடைத்தான். மேளம் நொண்டியது. மேளத்துக்காகக் கொஞ்சம் நிதானப்படுத்தினான்.

அடுப்படியில் புலாவ் கிளறிக்கொண்டிருந்த மனைவி நஃபீஸா எட்டிப் பார்த்தாள். "யார் வீட்டு மாடு கத்துது?"

"உஸ்தாத் பாடுறார்டி!"

"அடக் கடவுளே. அந்த மனுஷன் வந்து கேட்டா உங்களையே வாய்க்கால்ல போடுவார்."

வேகத்தைக் கூட்டினான். மாடு கொசுவாகியது. பின்னால் ஹிக்மத் வேறு கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ராகம் இழுத்தார்.

"அண்ணே! உஸ்தாத் பாடுறப்ப கூட முனகாதீங்க, பாவம் சேரும்!"

ஹிக்மத் வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் கார் சத்தம். ஒடிலுக்குக் கை கால் ஓடவில்லை. மூன்றாம் அடியையே மொத்தமாகத் தூக்கினான்.

"தூக்கினதை என்ன பண்ணுனீங்க?" என்றாள் நஃபீஸா.

"சேகரிக்கிறவன் எதையும் அழிக்கமாட்டான்டி. 'குப்பை'னு பேர் போட்டு வெச்சிருக்கேன்."

உஸ்தாத் தடியூன்றி வந்தார். ஹிக்மத் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "இன்னும் சமோசாதான் சுடுறியாடா?" என்று கேட்டுவிட்டு உஸ்தாத் உட்கார்ந்தார். ஊரில் அந்தச் சமோசாவைத் தின்னாதவர் யார் என்று ஒடில் நினைத்துக்கொண்டான். ஹிக்மத் எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

பாட்டு ஓடியது. இரைச்சல் இல்லை, இருமல் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவு. உஸ்தாத் கண்ணை மூடித் தலையாட்டினார். ஒடிலுக்கு மூச்சு வந்தது. இரண்டாம் அடி முடிந்து நேரே நாலாவது அடி வந்ததும் உஸ்தாத் கண் திறந்தார்.

"மூணாவது எங்கே?"

"அதுல... ஒரு குடிகாரன் கத்துறான், உஸ்தாத். குப்பைல போட்டுட்டேன்."

"குப்பையைப் போடு."

விதியை நொந்துகொண்டு ஒடில் போட்டான். குரல் மேலே மேலே ஏறியது. "அப்படித்தான்டா! விடாதே, ஏறு மேலே!"

உஸ்தாத் தொடையில் அறைந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் குடு, தம்பி. ஆனா கூச்சலோட குடு."

ஒடில் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உங்க பெருமை தெரியாம எவனோ மரியாதை கெட்டவன் கத்திட்டான், மன்னிச்சிடுங்க உஸ்தாத்."

"அந்த மரியாதை கெட்டவன் நான்தான்டா, அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, பாடினது, இதோ உனக்கு டீ ஊத்துறானே, இவன்!"