சலவை மெஷின் கதவு திறந்த படலம்

போற்றுவோம் அவளை! கருவாட்டு வியாபாரியைக் கண்ணசைவிலேயே விலையிறங்க வைத்தவளும், மூன்று மதினிமாரை முப்பது வருடம் முறுவலித்தே முறியடித்தவளும், திகன ஊரில் நம் மேட்டு ஒழுங்கை என்னும் குறுஞ்சந்துக்கே தனிக்கொடியுமாகிய மஸாஹிராவைப் போற்றுவோம்! வாங்கி நாலே நாளான சலவை மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவு, சூரரும் அசைக்கவொண்ணாக் கோட்டைவாயிலென அடைத்துக்கொண்ட அந்தத் திங்கட்கிழமைக் காலையைப் பாடப் புகுகின்றோம், நாவே, நடுங்காதிருப்பாயாக.

உள்ளே சிறைப்பட்டது யாதெனில், மகள் றலியாவின் ஒரேயொரு நல்ல கறுப்பு அபாயா அங்கி. பகல் பன்னிரண்டுக்குக் கண்டியில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. இரண்டு வருடம் விண்ணப்பம் அனுப்பி அனுப்பி, வந்த முதல் அழைப்பு அதுதான். மணியோ ஒன்பது. மஸாஹிரா கைப்பிடியை இழுத்தாள். பாற்கடல் கடைந்தோர் பாம்பை இழுத்ததுபோல் இழுத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்தாள். கடைசியில் ஏசிக்கொண்டும் இழுத்தாள். கதவு அசைந்ததா? இல்லை. ஆகவே ஒழுங்கை வட்ஸ்அப் குழு என்னும் போர்முரசை அறைந்தாள்:

"மெஷின்ட கதவு தொறக்குது இல்ல. புள்ளட அபாயா உள்ளுக்கு ஈக்கிது. தெரிஞ்ச யாராவது சொல்லுங்களே!"

தெரிந்தவர் ஒருவரே. அதே மெஷினை மூன்று வருடமாக ஆள்பவரும், கிளார்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் தோரணையிலிருந்து ஓய்வுபெறாதவரும், இன்வேட்டரோ இன்டக்‌ஷன் அடுப்போ எதைப்பற்றி எவர் கேட்டாலும் ஒரே மந்திரத்தை ஓதித் திருப்பியனுப்புபவருமாகிய தனபாலனார் திருவாய் மலர்ந்தார்:

"தங்கச்சி, மொதல்ல புக்க படிங்க. படிச்சிட்டு அப்பறமா கேளுங்க."

அச்சொல் வேலெனத் தைத்தது. புத்தகமோ, விருந்தாளிகளுக்கென வைத்த பொன்விளிம்புக் கோப்பைகளின் நடுவே, கண்ணாடி அலுமாரிக்குள், பிளாஸ்டிக் உறை கிழியாப் பெருந்துயிலில் கிடந்தது. நம் வீடுகளில் புதுச் சாமானின் புத்தகம் வாசிப்பதற்கா வருகிறது? பத்திரப்படுத்துவதற்குத்தானே!

"தெரிஞ்சத சொன்னா வாயில ஈக்கிற முத்தா உதுந்திரும்?" என்று சமையலறை அதிரக் கர்ச்சித்த மஸாஹிரா, உறையைக் கிழித்தாள். படிக்கச் சொன்னவருக்குப் படித்தே பாடம் புகட்டுவேன் என்று சூளுரைத்தாள். அப்பால் நிகழ்ந்தது கணைமாரி. பக்கத்துக்கொரு படம், படத்துக்கு நாலு குரல்பதிவு.

"எர்த் வயர் எங்கட வீட்ல ஈக்கா அண்ண?"

"பூனைய உள்ளுக்குப் போடக் கூடாதாமே, யாருதான் போடுற?"

ஐப்பசி அடைமழை ஹந்தானை மலையை மறைப்பதுபோல், கேள்விகள் தனபாலனாரின் திரையை மறைத்தன. முப்பத்தோராம் குரல்பதிவில் அவர் போன் கொதித்தது, அவரும் கொதித்தார். ஆயினும் பதிலிறுத்தாரில்லை. கொள்கை அல்லவா!

பத்தே முக்காலுக்கு ஒன்பதாம் பக்கம் பாய்ந்தது. அது பிரம்மாஸ்திரம் என்பதை எய்தவளே அறியாள்.

"அண்ண, ஓட்ட முந்தி பின்னால ஈக்கிற நாலு போல்ட்டையும் கழட்டோணுமாம். இல்லாட்டி மெஷின் துள்ளுமாம். கடையால வந்தவர் எங்கடத கழட்டிட்டார். நீங்க உங்கடத கழட்டின தானே?"

ஞாயிறுதோறும் தனபாலனார் வீட்டுக் குளியலறையில் மதயானை சங்கிலியறுத்து ஓடும் பேரொலி எழுவதும், அவர் மனைவி பிரேமிளா மெஷின்மேல் ஏறி அமர்ந்தே அதனை அடக்குவதும் இந்த ஒழுங்கையில் எந்தச் சுவருக்குத் தெரியாது? அந்தப் பிரேமிளாவே, அத்தனை பேரும் பார்த்திருக்க, அதே குழுவில் எழுதினாள்:

"என்னங்க, நீங்க அந்த ஒம்பதாம் பக்கத்த படிக்கவே இல்லியா?"

வீழ்ந்தது வெண்கொற்றக் குடை. செருப்பை இடம்வலம் மாற்றி மாட்டியபடி ஓடோடி வந்த தனபாலனார், குழந்தைப் பூட்டுப் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினார். 'டிக்' என்றது இயந்திரம். திறந்தது திட்டிவாசல்! வேலியோரம் தற்செயலாகக் கூடியிருந்த ஒழுங்கை மகளிர் ஆர்ப்பரிக்க, மஸாஹிரா நீர்சொட்டும் அபாயாவை வெற்றிக்கொடியென இருகரத்தால் உயர்த்தி, மாடிப்படி கிடுகிடுக்க மகளை அழைத்தாள்.

றலியா உம்மாவின் அபாயாவைப் போட்டுக்கொண்டு பத்து மணி பஸ்ஸிலேயே போய்விட்டாள்.