முப்பது டிரம் நீலம்

டிரம்மின் மூடியைத் திறந்த நீலக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை குனிந்து பார்த்தார். உள்ளே நீலம் இருந்தது.

வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த நீலத்தைக் கண்டு பெற்ற பிள்ளையைப் பார்த்ததுபோல் பூரித்துப் போயிருப்பார். பதினோரு வருஷமாக அவர் அதற்காகத்தான் உழைத்தார். அந்த வினையூக்கி ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நீலக்காரர் என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் அந்த முப்பது டிரம் நீலமும் வெள்ளிக்கிழமையே லாரி ஏறி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்விட்டதாகக் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரேதான். இன்று திங்கட்கிழமை. இந்தக் கிடங்கில் இப்போது வெள்ளைதான் இருக்க வேண்டும்.

பக்கத்து டிரம்மைத் திறந்தார். நீலம். அதற்கடுத்ததைத் திறந்தார். அதுவும் நீலம். நாலாவதைத் திறக்கத் தெம்பில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. நீலம் இங்க இருந்தா, போனது வெள்ளை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். டீசலில் கந்தகம் இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான். எடுப்பதற்கு, டீசலை ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, ரியாக்டர் என்ற பெரிய இரும்புக் கலத்துக்குள் நிரப்பிய குருணைகளின் வழியே ஓட விடுவார்கள். அந்தக் குருணைதான் வினையூக்கி. தான் கரையாமல், பெயரும் வாங்காமல், அடுத்தவன் வேலையை முடித்துக் கொடுக்கும். ஆபீஸ்களில் இப்படி ஒரு ஆளைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் குருணை வெறும் வெள்ளையாக இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோபால்ட், மாலிப்டினம் என்று இரண்டு உலோகங்களை அதில் ஊற வைத்து, காய வைத்து, உலையில் சுட வேண்டும். அப்போதுதான் அது நீலமாகும். மற்றபடி வெள்ளை என்பது மை ஊற்றாத பேனா.

மை ஊற்றாத பேனா முப்பது டிரம் ஆலைக்குப் போயிருக்கிறது.

போன வழியும் அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் லேபிளை டிரம்மின் உடம்பில் ஒட்ட மாட்டார்கள். அடுக்கும்போது உரசிக் கிழிகிறது என்று மூடியின் மேல் ஒட்டுவார்கள். யாரோ ஒரு புத்திசாலி எப்போதோ செய்த ஏற்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் நீலக்காரர் கடைசி மாதிரி எடுப்பதற்காக நீலம் முப்பது, வெள்ளை முப்பது என்று அறுபது டிரம்களையும் திறந்து, நீல மூடிகளை ஒரு குவியலாகவும் வெள்ளை மூடிகளை ஒரு குவியலாகவும் சுவரோரம் அடுக்கினார். உண்மையைச் சொன்னால் மாதிரி எடுக்க முப்பது நிமிஷம் போதும். அனுப்புகிற ஏக்கத்தில் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் கையை விட்டு அளைந்துகொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். அதற்குள் மனைவி போன் செய்தார். பேசிக்கொண்டே மூடிகளைப் போட்டார். எந்தக் குவியலை எந்தப் பக்கம் போட்டார் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

அவசர அவசரமாக ஆலை என்ஜினீயருக்கு போன் போட்டார்.

"சார், சரக்கு வந்து சேர்ந்துதா?"

"ஜம்முனு வந்து சேர்ந்துது சார்."

"அதை இப்போதைக்கு ரியாக்டர்ல போட வேண்டாம். டிரம்லயே ஒரு பத்து நாள் ஆறட்டும்."

மறுமுனையில் என்ஜினீயர் இரண்டு தடவை இருமினார். பிறகு அவர் குரல் சட்டென்று குதூகலமானது.

"ஐயையோ, போட்டாச்சே சார்! சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல முடிச்சிட்டோம். எங்க பெரியவருக்கு ரிப்போர்ட்டும் போயாச்சு. இவ்வளவு வேகமா யாருமே போட்டதில்லைன்னு அவர் ஒரே பாராட்டு."

"கலரு... கலர் எப்படி இருந்துது?"

"அருமையான கலர் சார். கண்ணுலயே நிக்குது."

நீலக்காரர் போனை வைத்துவிட்டார். வெள்ளையைப் பார்த்து அருமையான கலர் என்று சொல்கிற மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன ஆச்சு என்று கேட்டார். நீலக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். மாத்திரை மாறிப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நேரா இயக்குநர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லிடுங்க."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மூடியை ஒழுங்கா போடத் தெரியாதவன் செஞ்ச வினையூக்கியான்னு நீலத்தைத் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். அதுக்குள்ள அது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிஜ ரியாக்டர்ல ஓடணும். ஓடுச்சுன்னு என் காதால கேட்டுட்டு வீட்டுக்கு வந்துடறேன்."

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் நீலக்காரர் ஒரு காரியம் செய்தார். மூன்று பக்கத்துக்கு ஒரு முன்னறிவிப்புக் குறிப்பு எழுதி ஆலைக்கு அனுப்பினார். இந்த வினையூக்கி மந்த சுபாவம் உடையது, ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும், பத்து லட்சம் பங்கு டீசலில் ஐந்நூறு பங்காக இருக்கும் கந்தகம் முதல் மாதம் இருநூறுக்கு வந்தாலே பெரிய விஷயம், வரவில்லையென்றால் கலத்தைத் திறந்து சரக்கை மாற்றிவிடுவது நல்லது. கந்தகம் ஐந்நூறிலேயே நிற்கும், ஆலைக்காரர்கள் அலறுவார்கள், வெள்ளையை அள்ளி வெளியே கொட்டிவிட்டு நீலத்தைப் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

மாதம் முடிந்தது. ஆலையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. கந்தகம் நூற்றுத் தொண்ணூற்றாறு.

நீலக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நூற்றுத் தொண்ணூற்றாறேதான். கீழே என்ஜினீயரின் கையெழுத்து, அதற்குக் கீழே பெரியவரின் கையெழுத்து, முத்திரை.

கதவைச் சாத்திக்கொண்டு, மாதிரிக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைக் குருணையில் ஒரு பிடியை ஆய்வுக்கூடத்தின் சின்ன ரியாக்டரில் போட்டு ஓட்டிப் பார்த்தார். போன டீசல் போன மாதிரியே வந்தது, நாற்றம் உட்பட. மூன்று தடவை ஓட்டினார். மூன்று தடவையும் அதே கதி.

"அங்க மட்டும் எப்படிம்மா வேலை செய்யுது?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"எங்க கடையிலயும் பார்த்திருக்கேன். மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைக் குடுத்தாக்கூட சில பேருக்குத் தலைவலி விட்டுடும். நம்பிக்கைதான்."

"மனுஷனுக்கு நம்பிக்கை இருக்கும். டீசலுக்கு ஏதுடீ நம்பிக்கை?"

"அதை டீசல்கிட்டதான் கேக்கணும். என்னைக் கேட்டா?"

நீலக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று இயக்குநரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். இயக்குநர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆய்வுக்கூடத்துக்குள் கடைசியாகக் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தாலும் ஆய்வுக்கூடத்தைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் அசராமல் பேசக்கூடியவர்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. ஆலைக்குப் போனது நீலம் இல்ல. வெள்ளை."

"வெள்ளைன்னா?"

"வெறும் குருணை சார். உலோகமே ஏத்தாதது. மூடி மாறிப்போச்சு. தப்பு என்னோடதுதான்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று நீலக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உலோகமே இல்லாமலா நூத்துத் தொண்ணூத்தாறு வந்திருக்கு?"

"அதான் சார் எனக்கும் புரியல..."

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் சம்சாரத்துகிட்ட மட்டும்."

"அவங்களையும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க. முதல்ல பேட்டண்ட். உலகத்துலயே முதல் உலோகமில்லா வினையூக்கி! என்ன மனுஷன் சார் நீங்க, இவ்வளவு பெரிய விஷயத்தைச் செஞ்சிட்டு மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

"சார், நம்ம சின்ன ரியாக்டர்ல ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணுமே நடக்கல."

"அது சின்னது. பெருசுல நடக்கறதெல்லாம் சின்னதுல நடக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

சின்னதில் நடப்பது பெரிதில் நடக்க மாட்டேன் என்கிறது என்றுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலம் காலமாக அழுவார்கள். அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு ஒருவர் சந்தோஷப்பட்டு நீலக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு எதுவும் அவர் கையில் இல்லை. இருநூறு டிரம் வெள்ளை செய்ய உத்தரவு வந்தது. உலோகம் ஊற வைக்கும் தொட்டிகளைக் காய வைத்துக் கவிழ்த்தார்கள். நீலம் முப்பது டிரம்மும் இடத்தை அடைக்கிறது என்று பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளப்பட்டது. மாதா மாதம் அடுத்த மாதத்துக்கான முன்னறிவிப்பை ஆலைக்கு எழுதி அனுப்பும் வேலை மட்டும் அவர் தலையில் விழுந்தது. ஆலை அலறட்டும் என்று தொண்ணூறு என்று எழுதினார். எண்பத்தாறு வந்தது. ஆத்திரத்தில் நாற்பது என்று எழுதினார். முப்பத்தாறு வந்தது. என்ன படித்து என்ன, படித்த ரசாயனமெல்லாம் பொய்யோ என்று அவருக்குச் சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் யாருக்கும் தெரியாமல் பின்பக்கக் கொட்டகைக்குப் போய் நீலத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். நின்றவர் அழுதுவிட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாராட்டு விழா ஏற்பாடானது. ஆலையிலிருந்து பெரியவரும் என்ஜினீயரும், ரியாக்டரில் சரக்கை நிரப்பும் குழுவின் ஃபோர்மேனும் வந்திருந்தார்கள். இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். நீலக்காரரை உலோகமில்லா வினையூக்கியின் தந்தை என்றார். தந்தை முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கத்தைப் பாருங்கள் என்று அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

அடுத்து பெரியவர் எழுந்து, இரண்டே நாளில் முப்பது டிரம்மையும் ரியாக்டரில் நிரப்பிய சாதனைக்காக ஃபோர்மேனுக்கு மெடல் அணிவித்தார். தூண்போல இருந்த அந்த ஆள், மெடல் கழுத்தில் விழுந்ததும் சுடுகிறதைப்போல நெளிந்தார்.

அந்த நெளிவைப் பார்த்ததும் நீலக்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. இயக்குநர் கேட்க மாட்டார். என்ஜினீயருக்குக் கலரே தெரியாது. ஆனால் இந்த மனுஷன் குருணையைக் கையால் தொட்டு அள்ளுகிறவர். கையால் தொடுகிறவனுக்குத்தான் புரியும்.

டீ குடிக்கும் இடத்தில் ஃபோர்மேனைத் தனியாக ஓரம் கட்டினார். மூடி மாறியது முதல் முப்பத்தாறு வந்தது வரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். ஃபோர்மேன் குறுக்கே பேசாமல் கேட்டார். நாலு மாதத்தில் அவர் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"பதினோரு வருஷம்ங்க" என்றார் நீலக்காரர். "நாலு மாசத்துல நான் வீட்டுக்குப் போயிடுவேன். எனக்குப் பேரும் வேண்டாம், மெடலும் வேண்டாம். நீங்க நினைச்சா நடக்கும். ரியாக்டர்லருந்து அந்த வெள்ளையை எடுத்துட்டு என் நீலத்தைப் போடணும். ரெண்டு நாள்ல போட்டவர் நீங்க. எடுக்க எத்தனை நாள் ஆகும், சொல்லுங்க?"

ஃபோர்மேன் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பக்கம் என்ஜினீயர் இருக்கிறாரா என்று பார்த்தார். மெடலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, நீலக்காரரின் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"எடுக்கறதுக்கு முதல்ல போட்டிருக்கணுமே சார்! ரியாக்டரைத் திறக்கிற ஷட்டவுனே அடுத்த வருஷம்தான், உங்க முப்பது டிரம்மும் எங்க கோடவுன்ல பிரிக்காம அப்படியே கிடக்கு; நீங்க எழுதி அனுப்புற நம்பர்லதான் நாலு குறைச்சு எங்காளுங்க மாசாமாசம் உங்களுக்கே திருப்பி அனுப்பிக்கிட்டிருக்காங்க."