முதல் அறை மூன்று கைக்குழந்தைகளுக்கு

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு வந்தவனைக் கல்யாண வேலையில் சேர்க்கவே கூடாது. சமையல் கற்றவன் என்றால் சேதம் சாம்பாரோடு போய்விடும். நான் கற்றுக்கொண்டு வந்தது கம்ப்யூட்டர்.

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் என்னை மயக்கியது பெயரில்லாத ஃபங்ஷன். (நம் ஊர் காதுகுத்து ஃபங்ஷன் இல்லை, இது வேறு.) ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்து எழுதி, அதற்கொரு பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிடுவது வழக்கம். ஒரே இடத்தில்தான் வேலை என்றால் பெயர் எதற்கு? ‘லாம்டா’ என்று ஆரம்பித்து அங்கேயே எழுதிவிடலாம். பந்தியில் தண்ணீர் ஊற்றுபவரை “தம்பி, இங்க” என்று கூப்பிடுவது போலத்தான். அவர் இலையிலேயே ஊற்றிவிட்டால் யாரைத் திட்டுவது என்று நான் யோசிக்கவில்லை.

திருவண்ணாமலையில் அக்கா கல்யாணம். வேலூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜையே பிடித்திருந்தோம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அறை ஒதுக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார்.

“வயசானவங்க கீழ, சின்னதுங்க மேல. இதுக்கு எதுக்குடா மெஷினு?” என்றார். நான் பரிதாபமாகச் சிரித்தேன். (பரிதாபம் அவர்மேல்.)

எல்லாருடைய பெயரையும் வயதையும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இருவரில் யாருக்கு வயது ஜாஸ்தியோ அவர் முன்னால் வரவேண்டும்; முன்னால் வருபவருக்குக் கீழ் அறை. அதைச் சொல்லும் லாம்டாவில் பெரியது என்ற குறிக்குப் பதிலாகச் சிறியது என்ற குறியைப் போட்டுவிட்டேன். பெயர் வைத்திருந்தால் தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை விசாரித்திருப்பேன். பெயரில்லாதது கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட்டது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாளில் அச்சாகி வந்த அழகில் சொக்கிப்போய், அதைப் படிக்காமலே லாட்ஜில் ஒட்டினேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்தது. தரைத்தளத்து முதல் அறை மூன்று கைக்குழந்தைகளுக்கு. அவர்களைப் பெற்றவர்களுக்கு இரண்டாம் மாடி. முட்டி வலிக்காரரான மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மூன்றாம் மாடியில் கடைசி அறை. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“கம்ப்யூட்டர்ல வந்திருக்குதுங்க, மாத்த முடியாது” என்று சொல்லிவிட்டு, மேனேஜர் முதல் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தைகளுக்காகக் காத்திருந்தார்.

பெரியப்பா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். “யாருப்பா ரூம் போட்டது?”

“கம்ப்யூட்டர்ல ஒரு லாம்டாங்க” என்றேன்.

“அந்த ஆளு பேரு என்னா?”

“அதுக்குப் பேரு இல்லீங்க. பேரு இல்லாம இருக்கறதுதான் அதோட விசேஷமே.”

அவர் முகம் கறுத்தது. “முட்டி வலிக்காரன மூணாவது மாடிக்கு ஏத்திட்டு, பேரில்லாதவன் பண்ணான்றியா? நக்கலா? டிரைவரக் கூப்புடு. வண்டியத் திருப்பச் சொல்லு.”

அப்பா கும்பிட்டபடி நின்றார். அக்கா கல்யாணம் என்னால் நின்றுபோய்விட்டது என்று நினைத்து நிஜமாகவே அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து மண்டபத்திலிருந்து அக்கா பாதிப் பின்னலோடு வந்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மாமா, பேரில்லாதவன்லாம் யாரும் இல்லீங்க. அழுதுனு நிக்கிறானே, இவன்தான். எங்க வீட்ல எது ஒடஞ்சாலும் இவன்தான். நீங்க கீழ ரூமுக்கு வாங்க. உங்க ரூம்ல இவன் போய்ப் படுக்கட்டும்.”

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பொண்ணு விவரமாத்தான் இருக்குது” என்று எழுந்தார். அப்பா நின்ற இடத்திலேயே, காபி ஆறுவதற்குள், எல்லாருக்கும் அறை பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் அக்காவுக்குப் பையன் பிறந்தான். பெயர் வைக்கும் நாளில் பெரியப்பா குழந்தையின் காதில் மூன்று முறை “குமரன்” என்று சொன்னார். பிறகு மெல்ல நடந்து என்னிடம் வந்து, என் காதைப் பிடித்து, அதிலும் மூன்று முறை “குமரன்” என்றே சொன்னார்.

“கொழந்தைக்குப் பேரு வச்சாச்சு தம்பி. உன் கம்ப்யூட்டர்ல ஏத்திக்க, கீழ ரூம்லயே இருக்கட்டும்.”

இப்போது பெரியப்பா இல்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தாலும், குழந்தைக்கு அடுத்தபடியாக என்னைத்தான் தேடுகிறார்கள். நானும் போய்க் காதைக் காட்டுகிறேன்.