தலையணை மன்றம் ஏரியில் கூடிய கதை

காற்றில் இலவம்பஞ்சு பறந்துகொண்டே இருக்கும் நாடு ஒன்றில் இலவம்பட்டணம் என்று ஒரு நகரம் இருந்தது. அங்கே பஞ்சு அவசரப்படாமல்தான் இறங்கும். பாதி வழி வந்தபின் மனம் மாறி மேலே போய்விடுவதும் உண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கும். எல்லாரையும்விட அதிகமாகச் சொக்கியது நகர மன்றத்துக்குத்தான்.

மன்றத்தில் நாற்காலி கிடையாது. பாயும் தலையணையும்தான். எந்தக் காலத்திலோ ஒரு தலைவர், வாசற்படி இறங்கினாலே மூச்சு வாங்குகிறவர், பொதுப்பணிகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டாம், கனவில் பார்த்தால் போதும் என்று விதி செய்துவிட்டுப் போயிருந்தார். ஒப்பந்தக்காரர் தாம் கட்டியதை விவரித்து வாசிப்பார். உறுப்பினர்கள் படுப்பார்கள். விழித்ததும் பாதிப் பேருக்கு மேல் "கண்டேன்" என்றால் பணம் கொடுத்துவிட வேண்டியது. இன்னொரு விதியும் உண்டு. மன்றம் கூடியிருக்கும் இடத்தை, கூட்டம் முடியும்வரை யாரும் விற்கவோ வெட்டவோ கூடாது. தூங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாதல்லவா?

ஒப்பந்தக்காரர் சிங்காரவடிவு விவரமானவர். ஆற்றுப்பாலத்துக்குப் பணம் கேட்க வந்த அன்று அண்டா நிறையத் தயிர்சாதமும் பாயசமும் கொண்டுவந்தார். அத்தனை பேரும் கண்டார்கள். பாலத்தின் நடுவில் யானைச் சிலை இருந்ததாக ஓர் உறுப்பினர் சொன்னார். யானைக்கும் சேர்த்துப் பணம் தரப்பட்டது. மக்களோ வழக்கம்போல வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு கழுத்தளவு ஆற்றைக் கடந்தார்கள். இவ்வளவு நல்ல பாலம் இருக்கும்போது நனைவது மன்றத்தை அவமதிப்பதாகும் என்று, ஈரத்தோடு தென்படுகிறவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வியர்த்தவர்களும் கட்டினார்கள்.

அடுத்து ஏரியின் முறை வந்தது. அங்கே ஏழு மாடி வணிக வளாகம் எழும்பிவிட்டதாகச் சிங்காரவடிவு வாசித்தார். மன்றம் கண்டது. ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கென்று ஒரு கடையையும் கண்டார். தலைவர் மகுடேசுவரர் கண்டது மூலைக்கடை, இரண்டு பக்கமும் வாசல். ஒரே சிக்கல், மற்றக் கடைகளுக்குப் பணம் கட்டிய வியாபாரிகள் தூங்குகிற ஆட்கள் இல்லை. அவர்களுக்கு நிஜமான மண் வேண்டியிருந்தது. ஆகவே திறப்பு விழா முடிந்ததும் கரையை வெட்டி, 'வளாகத்தில் அத்துமீறித் தங்கியிருக்கும் ஈரத்தை' வெளியேற்றுவது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்த ஈரத்தில்தான் அழகுநாச்சியின் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அவளுடைய பிழைப்பே அவைதான். ஏரி போனால் எல்லாம் போயிற்று. மன்றத்துக்கு வந்து முறையிட்டாள்.

"உலர்ந்த நிலத்தில் இருப்பது வாத்து ஆகாது. மன்றத்தைப் பொறுத்தவரை அவை கோழிகள்," என்றார் தலைவர், தலையணையைத் தட்டிச் சரிசெய்தபடி.

"சரிங்கய்யா, கோழின்னே வெச்சுக்கிடுவோம்," என்றாள் அழகுநாச்சி. "இம்புட்டுப் பெரிய கட்டடத்தைப் படுத்துக்கிட்டே திறந்தா நல்லாவா இருக்கு? நேர்ல வந்து உள்ள ஒரு கூட்டம் போடுங்க. முடிஞ்சதும் நானே கோழியை ஓட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

சிங்காரவடிவுக்கு விக்கல் எடுத்தது. ஆனால் எல்லாரும் கண்ட கட்டடத்தை அவர் எப்படி வேண்டாம் என்பார்? உறுப்பினர்களுக்கோ அவரவர் கடையைத் தொட்டுப் பார்க்க ஆசை.

விழா நாளில் ஏரி முழுக்கப் பஞ்சு படிந்து, வெள்ளைச் சலவைக்கல் பதித்தது போலவே கிடந்தது. தலைவர் ரிப்பனை வெட்டிக் காலை எடுத்து வைத்தார். முழங்கால்வரை உள்ளே போயிற்று.

"தரைத்தளம் சில்லுனு இருக்கே," என்றார்.

"ஏ.சி. போட்டிருக்குய்யா," என்றார் சிங்காரவடிவு.

உறுப்பினர்கள் தலையணைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். இடுப்புவரை ஏறியபோது ஏ.சி.யைப் பாராட்டினார்கள். கழுத்துக்கு வந்தபோது கால்கள் சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. கூட்டம் தொடங்கியதாகத் தலைவர் அறிவித்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அழகுநாச்சி பரிசலைத் துழாவிக்கொண்டு வந்தாள்.

"ஏறிக்கிடுங்கய்யா, கரை சேத்துடுறேன். இங்க தண்ணி இருக்குன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க."

தலைவர் யோசித்தார். அவருடைய மீசை நீரில் மிதந்தது. இங்கே தண்ணீர் இருந்தால் ஆற்றிலும் இருக்கும். ஆற்றில் இருந்தால் பாலம் போகும், யானை போகும், கடைசியில் மூலைக்கடையும் போகும்.

"மீட்புப் படகுக்கு ஏற்பாடு செய்யப்படும்," என்றார்.

சிங்காரவடிவு கண்ணை மூடினார். "வந்துருச்சுய்யா. மெத்தை போட்ட படகு. ஏறுங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நீருக்கு மேலே கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கண்டேன், கண்டேன் என்று குரல்கள் பஞ்சோடு பஞ்சாக மிதந்தன. படகுக்குப் பணம் கொடுக்கத் தீர்மானமாயிற்று.

"அப்ப நீங்க போயிட்டீங்க," என்று சொல்லிவிட்டு, அழகுநாச்சி வாத்துகளைக் கூப்பிடப் போனாள்.

மன்றம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கூட்டத்தை முடித்தால் வெளியே வர வேண்டும். வந்தால் நனைந்தது தெரிந்துவிடும். அதற்கான அபராதமோ அவர்களே போட்டது. கூட்டம் முடியாததால் கரையை வெட்ட வழியில்லை. வியாபாரிகள் பார்த்துப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வாத்துகள் தலைவரின் தலைப்பாகையில் முட்டையிடுகின்றன. அவர் அவற்றைக் கோழிமுட்டை என்றே சொல்கிறார்.

தேர்தல் வந்தால் மக்கள் பரிசலில் போய், கழுத்துகளைத் தேடி மாலை போட்டு, அவர்களையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறார்கள். இவ்வளவு ஆன பிறகும் அதே ஆட்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

அழகுநாச்சிக்கு அதில் கோபமில்லை. "அவுக அங்க நிக்கிற வரைக்கும் எங்களுக்கு ஏரி இருக்கு," என்கிறாள். "உங்க ஊரு மன்றம் எங்க இருக்கு? அதைக் கட்டுறதுக்கு முன்னால அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"