எட்டு வலது கைகள்

சேசம்மாள் நீட்டிய காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமலே அமிர்தநாதனுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு கை.

"வலது கைதான் தம்பி. மறக்காம மாதா காலடியில வச்சிரு" என்றாள் கீழ்வீட்டுச் சேசம்மாள்.

"யாருக்குக்கா?"

"எல்லாம் நமக்கு வேண்டியவகளுக்குத்தான்."

மெழுகில் வார்த்த கை. மாகிம் கோயிலில் புதன்கிழமை நவநாளுக்குப் போகிறவர்கள், கால்வலி என்றால் மெழுகுக் கால், வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு என்று மாதாவுக்கு வைத்துவிட்டு வருவார்கள். சாதி, மதம் எதுவும் அங்கே கணக்கில்லை. ஒன்பது புதன் விடாமல் போனால் கேட்டது கிடைக்கும் என்பது பம்பாய்க்காரர்களின் நம்பிக்கை. அமிர்தநாதனுக்கு இது ஐந்தாவது புதன், நான்காவது கை.

இதில் ஒரே ஒரு சங்கடம். மனுஷன் மாகிம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அவர் போனதெல்லாம் குர்லாவுக்கு. அங்கே சைக்கிள் கடை மாடியில் பிரகான்சா என்ற கோவாக்காரர் கித்தார் சொல்லிக்கொடுத்தார். அதுவும் ராக் பாட்டுக்கு அடிக்கிற கித்தார்.

நாற்பத்திரண்டு வயது ஃபிட்டருக்கு இது தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். அவரே தன்னைத் தினமும் கேட்டுக்கொண்டார். போன வருஷம் கோயில் திருவிழாவில் நான்கு பையன்கள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறியபோது, மைக்கைப் பிடுங்கி, "இது ஞானஸ்நானம் வாங்கினவன் தொடுற வாத்தியமாவே" என்று கேட்டவர் அவர்தான். கூட்டம் கை தட்டியது. லத்தீன் பூசை தமிழுக்கு மாறிய நேரம் அது. பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற பொறுப்பு அந்தக் கைதட்டலோடு அவரைத் தேடி வந்தது. இரண்டே மாதம். குர்லா ஈரானி ஹோட்டலில் டீ குடிக்கும்போது காசு போட்டால் பாடும் பெட்டியில் யாரோ ஒரு பாட்டைப் போட, அமிர்தநாதனின் கால் மேஜைக்கு அடியில் தன்பாட்டுக்குத் தாளம் போட்டது. அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை.

வகுப்புக்குக் கிளம்பிய முதல் புதன்கிழமை, "எங்க போறிய?" என்று மனைவி ரோசம்மா சும்மாதான் கேட்டாள். அவருடைய வாய், "மாகிம் நவநாளுக்கு" என்றது. அடுத்த புதன் அவளே ஒரு மெழுகுக் கையோடு நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு வலது கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதாம். பாவம், அவரும் என்னமோ பாடாப் படுதாரு. நீங்கதான் வேண்டிக்கிடணும்."

மூன்றாவது புதன் பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா. நான்காவது புதன் மேல்மாடி கோமதிநாயகம். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், கையில் மெழுகுக் கை. எல்லாம் வலது கை. திலக் நகரில் ஒரே பில்டிங்கில் இத்தனை பேருக்கு எப்படி வலது கை கெட்டது என்று அமிர்தநாதன் யோசிக்கத்தான் செய்தார். பைப் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று முடிவுக்கு வந்தார்.

கைகளைப் பட்டறையில் தன்னுடைய தகர அலமாரியில் பூட்டி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் மாகிமில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று மூன்று ஞாயிறு கிளம்பினார். ஸ்டேஷன் வரைக்கும் போவார். பொய்யைத் தூக்கிக்கொண்டு போய் மாதா முகத்தில் எப்படி முழிப்பது என்று கூசும். திரும்பி வந்துவிடுவார்.

வகுப்பு மட்டும் உருப்பட்டதா என்றால், அதுவும் இல்லை.

"இடது கைக்கு மூணே பிடி. அது உனக்கு வந்தாச்சு" என்பார் பிரகான்சா, தமக்குத் தெரிந்த பம்பாய்த் தமிழில். "லேகின் வலது கை? கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே. அவ்வளவுதான் மேன். நீ அரம் போட்டு ராவுறே."

உண்மைதான். இருபது வருஷம் இரும்பை ராவிய கை அது. கீழே என்றால் ஒழுங்காகக் கீழே போகும். மேலே என்றதும், யாரைக் கேட்டு என்பதுபோல நின்றுவிடும்.

வீட்டிலும் பழகினார். பட்டறை விட்டு நாலரைக்கு வந்தால், மருந்துக் கம்பெனியில் லேபிள் ஒட்டப் போன ரோசம்மா திரும்ப ஆறு மணி. பரணில் கோதுமைச் சாக்குக்குள் ஒளித்த கித்தாரை எடுப்பார். ஜன்னலைச் சாத்துவார். கித்தாரின் துளைக்குள் பழைய பனியனைத் திணிப்பார். சத்தம் வெளியே போகாது என்ற தைரியத்தில், "கீழே, கீழே, மேலே, மேலே" என்று தமக்குத் தாமே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிப்பார்.

ஆறாவது புதனுக்கு முந்தின நாள் சேசம்மாள் படிக்கட்டில் மறித்தாள்.

"தம்பி, கைய வச்சியா?"

"வச்சேன்க்கா."

"ஒரு குணமும் தெரியலியே. போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் மோசம்."

அமிர்தநாதன் நினைத்துப் பார்த்தார். யாரோ ஒரு சீவன், தன்னை நம்பி, நீட்ட முடியாத கையோடு எங்கேயோ கிடக்கிறது. அவரோ கித்தார் பழகிக்கொண்டிருக்கிறார். இனி ஒரு கையும் வாங்கக் கூடாது என்று தீர்மானித்து, அந்த இடத்திலேயே இன்னொரு பொய்யைச் சொன்னார்.

"கோயில் சாமியார் சொல்லிட்டாருக்கா. அடுத்தவுகளுக்காகக் கொண்டு போனா பலிக்காதாம். யாருக்குக் கை சரியில்லையோ அவுகளேதான் கொண்டுபோய் வைக்கணுமாம்."

சேசம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னாரு? அப்பச் சரி. எல்லாம் சரியாத்தான் நடக்குது."

மறுநாள் இரண்டு கைகள் வந்தன. ஏழாவது புதன் ஒன்று, எட்டாவது புதன் ஒன்று. மொத்தம் எட்டு. அமிர்தநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு பூசையில் பொய்ச்சாட்சியைப் பற்றிய வாசகம் அவர் தலையில்தான் விழுந்தது. இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தார்.

ஒன்பதாவது புதன் காலையில் ரோசம்மா சொன்னாள். "இன்னைக்கு நவநாள் முடியுதுல்லா. சாயங்காலம் பில்டிங்கே நம்ம வீட்டுக்கு வருது. ஷரீஃபுன்னிசா பால் பாயசம் வைக்கா. வந்து எல்லாருக்கும் ரெண்டு வார்த்தை செபம் சொல்லணும் நீங்க."

அன்று அவர் குர்லா மாடிக்குப் போகவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, எட்டுக் கைகளையும் மாகிமுக்கே கொண்டுபோய், மாதா காலில் விழுந்துவிடுவது என்று அலமாரியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

மே மாத வெயில். அலமாரிக்குப் பின்சுவரில் உலை. எட்டுக் கைகளும் உருகி ஒரே உருண்டையாகியிருந்தன. நாற்பது விரல்களில் பாதி உள்ளே போய்விட்டது. மீதி நாலா திசையிலும் அவரையே சுட்டிக் காட்டின.

இதை எந்தக் கோயிலில் வைப்பது? அந்த உருண்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பட்டறையிலேயே பொழுதைக் கழித்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுப் படி ஏறினார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கட்டிலில் சேசம்மாள், நாற்காலியில் கோமதிநாயகம், அடுப்படி வாசலில் பாயசச் சட்டியோடு ஷரீஃபுன்னிசா. சுவரோரம் மற்ற வீட்டுக்காரர்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தாம் ஒரு புண்ணியவான் என்று நம்பி எழுந்து நிற்கிறார்களே என்ற நினைப்பில் அமிர்தநாதன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க. எனக்காக நிக்காதிய" என்றார். "நான் செபம் சொல்ல வரலை. ஒரு பாவத்தச் சொல்ல வந்திருக்கேன்."

துண்டைப் பிரித்து உருண்டையைத் தரையில் வைத்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருந்து சாக்கை இறக்கி, கித்தாரை எடுத்து அதன் பக்கத்தில் கிடத்தினார். துளையிலிருந்து பனியன் எட்டிப் பார்த்தது. சொன்னார். குர்லா, பிரகான்சா, ராக் பாட்டு, ஒன்பது புதன், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தலை குனிந்துகொண்டே போனது. கடைசியில் தம்முடைய கால் பெருவிரலிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"மைக்கப் புடுங்கி அந்தப் பையன்மாரைப் பேசுன வாயி இது. அது எம் பாடு. ஆனா உங்க கை வலியத் தீக்க என்ன நம்பிக் குடுத்ததெல்லாம் அலமாரியிலயே கிடந்து உருகிப் போச்சு. எட்டுப் பேருக்குத் துரோகம் பண்ணிட்டேன். வெக்கமா இருக்கு."

ரோசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அமிர்தநாதன் இன்னும் குறுகினார். கோமதிநாயகம் குனிந்து உருண்டையில் விரல்களை எண்ணினார். சேசம்மாள் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

ஷரீஃபுன்னிசாதான் பாயசச் சட்டியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அப்ப ஒண்ணுகூட மாதாகிட்டப் போய்ச் சேரலியா? அதான பாத்தேன், ஒம்பது வாரமாச்சு, அந்தக் கீழ கீழ மேல மேல இன்னும் சரியா விழலியேன்னு. எங்க யாருக்கும் கை வலி இல்ல அண்ணாச்சி; ரோசம்மா மைனி வாங்குன முதக் கையில இருந்து எட்டும் உங்க கைக்கு நேந்துக்கிட்டதுதான்."