கடைசி ஆள் ஒஸ்வால்தோ

"யாரு கடைசி?"

கேட்டது தன்னைத்தான், அதுவும் ஸ்பானிஷில் என்று புரிந்தபோது ஒஸ்வால்தோவுக்குத் தலைகால் தெரியவில்லை.

காலையில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து, ஹவானாவில் ஒரே ஒரு ஆளாவது தன்னை உள்ளூர்க்காரன் என்று நினைக்க மாட்டாரா என்று மனுஷன் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். பிறந்தது இதே ஊரில்தான். இரண்டு வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து மயாமிக்குப் போனவர், அறுபதைத் தாண்டி இப்போதுதான் மனைவி மிர்த்தாவோடு சொகுசுக் கப்பலில் திரும்பி வந்திருக்கிறார். "பாரேன், என் மூஞ்சியைப் பார்த்ததுமே நம்ம ஆளுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்று கப்பல் ஏறியதிலிருந்து சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்க வைத்துவிட்டார். அதற்கென்றே மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை, ஓலைத் தொப்பி.

டாக்ஸிக்காரன், சுருட்டு விற்பவன், ஐஸ்கிரீம்காரி, எல்லாரும் அவரைக் கண்டதும் "ஹலோ, மை ஃப்ரெண்ட்" என்றே ஆரம்பித்தார்கள். மிர்த்தா ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது மிர்த்தா பாத்ரூம் தேடிப் பக்கத்துச் சந்துக்குள் போயிருக்க, அவர் ஒரு மூடிய கடை வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் காலிப் பையும் கையுமாக ஒரு பெண்மணி வந்து இந்தக் கேள்வியைக் கேட்டது. பெயர் செனைதா என்று பிறகு தெரிந்தது.

"நான்தான் கடைசி" என்றார் ஒஸ்வால்தோ.

"நீங்க யாருக்குப் பின்னாடி?"

நியாயமான கேள்வி. ஹவானாவில் எவர் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள்? வந்ததும் கடைசி ஆள் யார் என்று கேட்டு, முன்னால் இருப்பவர் முகத்தையும் அவருக்கு முன்னால் இருப்பவர் முகத்தையும் மனதில் பதிய வைத்துக்கொண்டு நிழல் தேடிப் போய்விடுவதுதான் வழக்கம். யாருக்கும் பின்னாடி இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கிடைத்த கௌரவத்தை விட மனசு வருமா? எதிர்ப்பக்கம் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கட்டம் போட்ட சட்டைக்காரரைக் கைகாட்டினார். செனைதா தலையாட்டிவிட்டு நிழலுக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இருவர் என்று ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். என்ன சரக்கு வந்திருக்கிறது என்று யாரோ கேட்டார். தெரியாது என்பது உள்ளூர்க்காரன் பேசுகிற பேச்சா? "கோழி" என்று ரகசியமாகச் சொன்னார். அவ்வளவுதான், கடைக்குக் கோழி வருவதே அபூர்வமான அந்த ஊரில் பால்கனிக்குப் பால்கனி செய்தி பறந்தது. மிர்த்தா திரும்பி வந்தபோது தெருவே அங்கே இருந்தது.

"என்ன கூட்டம் இது? வா, கப்பல் கிளம்பிடப் போகுது."

"எப்படி வர்றது? நான் போயிட்டா அந்தம்மா யாருக்குப் பின்னாடி நிப்பாங்க?"

"எந்தம்மா?"

"எனக்குப் பின்னாடி இருக்கிறவங்க" என்றார், சொந்த அத்தை மகளை அறிமுகப்படுத்துவதுபோல.

மிர்த்தா தலையில் அடித்துக்கொண்டாள். சரி, நேர்மையாக முடித்துவிடுவோம் என்று அவர் போய்க் கட்டச்சட்டைக்காரரை எழுப்பி, நீங்கள்தான் முதல் ஆள், செனைதா உங்களுக்குப் பின்னால் என்று விளக்கினார். கோழி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த ஆளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி மாமியார், மச்சினன், மச்சினன் பெண்டாட்டி என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிவந்து தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

தெரு கொந்தளித்துவிட்டது. "தோழரே, அவங்க குறுக்க புகுந்தா நீங்க என்ன வேடிக்கை பாக்குறீங்க? அவருக்கு அடுத்த ஆள் நீங்கதானே?" என்று ஒரு கிழவர் ஒஸ்வால்தோவிடம் பாய்ந்தார்.

தோழர். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ஊரை விட்டே ஓடிய இவருடைய அப்பா சாகும்வரை காறித் துப்பாமல் சொன்னதில்லை அந்த வார்த்தையை. மகனுக்கோ அதைக் கேட்டு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையை வீசி, தொண்டை கிழிய, அம்மா திட்டும் திட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு மச்சினனோடு மல்லுக்கு நின்றார். பதிலுக்கு மச்சினனும் திட்டினான், சுத்தமான ஸ்பானிஷில். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

"நான் போறேன். நீ கோழி வாங்கிக்கிட்டு நீந்தி வா" என்று மிர்த்தா நடக்க ஆரம்பித்தாள்.

ஒஸ்வால்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லை. செனைதாவிடம் போய், தன் இடத்தை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்று முறையாக ஒப்படைத்தார். பிறகு மனைவியைக் கையைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செனைதாவைக் கேட்டார்:

"என் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கிறா. நீயே சொல்லு தங்கச்சி. தெருவுல இத்தனை பேர் இருக்கிறப்போ, நேரா என்கிட்ட வந்து யாரு கடைசின்னு ஏன் கேட்டே?"

செனைதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூடின கடை வாசல்ல ஒரு டூரிஸ்ட்டே வெயில்ல காத்துக்கிட்டு நிக்கிறாருன்னா, உள்ள ஏதோ பெரிய சரக்கு வந்திருக்குன்னுதானே அர்த்தம்?"