நார் உரிக்காத பீன்ஸும் நீண்ட ஜெபமும்

ஒருநாள் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுநாளே அந்தச் சமையலில் நிபுணர்களாகிவிடுகிற மடையர்கள் உண்டு. அறுபதுகளில் பம்பாய் ஆண்டாப் ஹில்லில் அப்படி ஒருவன் இருந்தான். நான்தான்.

கோட்டைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரரின் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. ஒரு மே மாதம் துரை வீட்டு விருந்தில் பீன்ஸ் சாலட் போட்டார்கள். மூன்று நிமிஷம் கொதிநீர், உடனே ஐஸ் தண்ணீர், மேலே தக்காளியும் அவித்த முட்டையும். ஒலிவ எண்ணெயும் வினிகரும் கடைசியில்தான். ஊற்றியதும் சாப்பிட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் நிறம் செத்துவிடும் என்றார் சமையல்காரர். (அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே ஞானம்.)

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, செம்பூர் எஸ்தர் டீச்சரும் அவள் அப்பாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. கூடவே எங்கள் போதகர். ஒரு வருஷமாக சர்ச்சில் பின்வரிசையிலிருந்து எஸ்தரின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த மதியம் சொதப்பினால் எல்லாம் போச்சு. அம்மா கறி எடுக்கக் கிளம்பினாள். தடுத்துவிட்டேன்.

"வெயில்ல கறியாம்மா? பிரெஞ்சுக்காரங்க இதத்தான் சாப்பிடுவாங்க."

"பொண்ணு என்ன பிரான்ஸுல இருந்தா வாறா? சாத்தாங்குளத்துக்காரில்லா அவ."

மாட்டுங்கா மார்க்கெட்டில் பீன்ஸ் வாங்கினேன். மருந்துக்கடையில், குழந்தைக்குத் தேய்த்துவிடும் ஒலிவ எண்ணெய். பீன்ஸை முழுசாகவே போட்டேன். துரை வீட்டுச் சமையல்காரர் உட்கார்ந்து நார் உரித்ததை இந்த நிபுணர் பார்க்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்ததும் எண்ணெயையும் வினிகரையும் ஸ்டைலாக ஊற்றினேன். போதகர் எழுந்து, "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

பிறந்ததிலிருந்து ஜெபிக்காமல் ஒரு வாய் சாப்பிட்டவனில்லை நான். எங்கள் போதகரின் ஜெபம் எவ்வளவு நீளம் என்பது தாராவி வரைக்கும் தெரியும். ஊற்றுகிற நேரத்தில் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ. அவர் ஊரிலுள்ள விதவைகளில் தொடங்கி, மில் தொழிலாளர், ரயில் பிரயாணிகள் என்று ஒவ்வொருவராக வந்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பீன்ஸ் மாட்டுத் தீவன நிறத்துக்கு வந்திருந்தது. முட்டை மிதந்தது. போதகரும் ஒற்றைக் கண்ணால் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி வேகவைக்காமல் வைத்திருக்கிற பதார்த்தத்தை ஆசீர்வதியும். இதைப் புசிக்கப்போகிற எங்கள் வயிறுகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்."

முதல் ஆமென் எஸ்தருடையது.

அவள் அப்பா தட்டைப் பார்த்தார். "மண்ணெண்ணெய் தீந்துட்டா தம்பி?" என்று அன்பாகக் கேட்டார். (இதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.) பிறகு மரியாதைக்கு ஒரு பீன்ஸைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. "என்ன, சம்மதந்தானா?" என்று போதகர் கேட்டபோது எஸ்தர் அப்பாவின் கை மட்டும் வேண்டாம் என்பதுபோல் ஆடியது, வாய் திறக்கவில்லை.

"சம்மதம்" என்றாள் எஸ்தர்.

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன். "உங்களத் தனியா அடுப்படியில விட்டா யாரையாச்சும் கொன்னுருவீங்கன்னு பயந்துட்டேன்" என்றாள்.

இன்றைக்கும் நான் அடுப்பைப் பற்றவைத்தால் வீடே எழுந்து நிற்கிறது. என் பேரனுக்குத் தமிழ் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, பேச்சும் பாதி இந்தி. ஆனால் "எங்கள் வயிறுகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பிசகாமல் சொல்கிறான். இப்போதும் முதல் ஆமென் எஸ்தருடையதுதான்.